அறுபதுக்குப் பின் வேன் வாழ்க்கை: உடலிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

பணி ஓய்வுக்குப் பிறகு, பிள்ளைகள் தத்தம் வாழ்க்கையில் நிலைபெற்ற பிறகு, ஒரு வேனையே வீடாக்கிக்கொண்டு விருப்பம்போல் ஊர் ஊராகச் சென்று வாழ வேண்டும் என்ற ஆசை பலருக்கு உண்டு. அது பிஞ்சு மனத்தின் ஆசை என்று யாரும் ஒதுக்க வேண்டியதில்லை. சரியாகத் திட்டமிட்டால் எழுபதைத் தாண்டியவர்களும் நிம்மதியாக வாழக்கூடிய முறைதான் இது. ஆனால் இதைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி இளைஞர்களை மனத்தில் வைத்து எழுதப்படுவதால், எந்த வண்டியை வாங்குவது, உள்ளே எப்படி மரவேலை செய்வது என்பதிலிருந்தே அவை தொடங்குகின்றன. முதிய வயதில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் உடல், அடுத்துத் திரும்பி வரும் வழி, பிறகு ஒத்திகை, அதற்குப் பிறகுதான் வண்டி. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதல் படி: எவ்வளவு காலம், யாருடன்

ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டும் வேனில் செல்வது, ஒரு பருவம் முழுவதும் வேனில் இருந்துவிட்டு வீடு திரும்புவது, வீடே இல்லாமல் ஆண்டு முழுவதும் வேனில் வாழ்வது ஆகிய மூன்றும் வெவ்வேறு வாழ்க்கைகள். முதிய வயதில் தொடங்குபவர்களுக்கு நடுவில் உள்ளதையே நான் பரிந்துரைப்பேன். அதிலிருந்து இரு பக்கமும் நகர இடம் இருக்கிறது.

தம்பதியராகச் செல்வதானால், இருவரும் தனித்தனியே உட்கார்ந்து, வேனில் ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று காலை முதல் இரவு வரை எழுதிப் பார்த்து, பிறகு தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவர் மலைச்சாலைகளையும் மற்றவர் பேரப்பிள்ளைகளின் ஊருக்கு அருகில் நீண்ட நாள் தங்குவதையும் எழுதியிருந்தால், அதைப் பேசித் தீர்க்க வேண்டிய நேரம் வண்டி வாங்குவதற்கு முன்புதான். மூன்றாவது நாளாக விடாமல் மழை பெய்யும்போது என்ன செய்வோம் என்ற கேள்விக்கும் இருவரிடமும் பதில் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: உடலைக் கணக்கில் எடுத்தல்

உங்கள் மருத்துவரிடம் பொதுவாக "பயணம் போகலாமா" என்று கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். தொடர்ந்து எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டலாம், எந்தப் பரிசோதனையை எத்தனை வாரத்துக்கு ஒரு முறை செய்தாக வேண்டும், எந்த மருந்து தூக்கக் கலக்கத்தைத் தரும், எந்த அறிகுறி தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று கேட்டு, பதில்களை எழுதிக்கொள்ளுங்கள். வார்ஃபரின் போன்ற இரத்த உறைதலைத் தடுக்கும் மருந்தை எடுத்துக்கொள்பவர்களுக்கு முறையான இரத்தப் பரிசோதனை தவிர்க்க முடியாதது. அந்தப் பரிசோதனைத் தேதிகளை முதலில் நாட்காட்டியில் குறித்துவிட்டு, அவற்றுக்கு இடையில்தான் பயணத்தை வகுக்க வேண்டும்.

கண்ணைத் தனியாகச் சொல்ல வேண்டும். வயது கூடக்கூடக் கண்மணி சிறுத்து, விழிவில்லை மங்குவதால், அறுபது வயதில் விழித்திரையை அடையும் ஒளி இருபது வயதில் அடைந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கண்புரையின் தொடக்கம் இருந்தால் எதிர்வரும் விளக்குகளின் கூச்சமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே பொழுது சாய்ந்த பிறகு ஓட்டுவதில்லை என்பதை முதல் நாளிலிருந்தே விதியாக வைத்துக்கொள்வது நல்லது. கண்புரை அறுவை தேவைப்படுமென்றால் அதை முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

மருந்துகளின் பட்டியலில் நிறுவனங்கள் வைத்த பெயர்களுடன் மருந்தின் பொதுப் பெயரையும் எழுதுங்கள், ஏனென்றால் நிறுவனப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது. சிறிய குளிர்பெட்டிகளில் உள்சுவரை ஒட்டிய இடம் உறைநிலைக்குப் போய்விடுவது உண்டு என்பதால், பெட்டிக்குள் ஒரு சிறு வெப்பமானி இருக்கட்டும்.

மூன்றாம் படி: திரும்பி வரும் வழி

வீட்டை விற்று அந்தப் பணத்தில் வேன் வாங்குவது மிகவும் கவர்ச்சியான யோசனை. குறைந்தது ஓராண்டுக்காவது அதைத் தள்ளிப்போடுங்கள். வீட்டை வாடகைக்கு விடலாம்; ஓர் அறையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விடலாம்; வாடகை வீடானால் சிறியதொன்றுக்கு மாறலாம். முப்பது வயதில் விற்ற வீட்டை நாற்பதில் மீண்டும் சம்பாதிக்க முடியும். எழுபதில் விற்ற வீட்டை அப்படி மீட்க முடியாது. ஒரு வீழ்ச்சியோ ஓர் அறுவை சிகிச்சையோ உங்களைத் திடீரென மூன்று மாதம் ஓரிடத்தில் இருத்திவிடலாம், அந்த மூன்று மாதத்துக்கு ஒரு கூரை வேண்டும்.

அதே அளவு முக்கியமானது முகவரி. ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, காப்பீடு, வங்கிக் கணக்கு, வரி, ஓய்வூதியம், வாக்குரிமை எல்லாம் ஒரு நிலையான முகவரியைச் சார்ந்தவை. மருத்துவக் காப்பீடு குறிப்பிட்ட மாநிலத்துக்கோ மருத்துவமனைகளுக்கோ மட்டும் செல்லுபடியாகுமா, நாடு முழுவதும் செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கான மருத்துவக் காப்பீடுகள் பலவற்றில் வயது வரம்பும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான விலக்கும் இருக்கும். வண்டிக் காப்பீட்டிலும், வேன் தங்குமிடமாக மாற்றப்பட்டிருப்பதையும் அதில் நீண்ட நாள் வசிக்கப்போவதையும் சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பின் இழப்பீடு மறுக்கப்பட நேரிடலாம்.

பணக் கணக்கில் எரிபொருளை எல்லாரும் எழுதுவார்கள். விட்டுப்போவது, வண்டி பட்டறையில் இருக்கும் நாட்களின் தங்குமிடச் செலவு. பழுதாகி நிற்பது உங்கள் வண்டி மட்டுமன்று, உங்கள் படுக்கையும் சமையலறையும் மருந்துப் பெட்டியும்தான். ஒரு மாதம் வெளியே தங்குவதற்கான தொகையையும், ஒரு பெரிய இயந்திரப் பழுதுக்கான தொகையையும் தனியே ஒதுக்கி வைத்த பிறகு எஞ்சுவதே வேனுக்கான உங்கள் உண்மையான பணம்.

நான்காம் படி: ஒத்திகை

பெரிய வேன் ஒன்றின் உட்புறத்தில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், அகலம் ஏறத்தாழ 1.8 மீட்டரும் நீளம் 3 மீட்டரைச் சற்றுத் தாண்டியும் இருக்கும். வீட்டின் கூடத்தில் அந்த அளவுக்குத் தரையில் ஒட்டுநாடாவை ஒட்டுங்கள். அதற்குள் படுக்கைக்கும் அடுப்புக்கும் கழிப்பறைக்கும் கோடு போட்டுவிட்டு, நடக்க மிஞ்சும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு அடி அகலமான ஒரு சந்துதான் மிஞ்சும். அந்தச் சந்தில் இருவரும் ஒருவரையொருவர் கடந்து செல்லுங்கள். குனிந்து செருப்பை மாட்டுங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கும் இடத்திலிருந்து எழுந்து கழிப்பறைக் கோட்டுக்குள் போய் உட்கார்ந்து திரும்புங்கள். காசில்லாமல் இவ்வளவு உண்மையைச் சொல்லும் சோதனை வேறில்லை.

அதன் பிறகு ஒரு வேனை வாடகைக்கு எடுங்கள். இரண்டு வாரத்துக்குக் குறையாமல் எடுப்பது நல்லது. முதல் வாரத்தின் உற்சாகம் எந்தக் குறையையும் மறைத்துவிடும். இனிய பருவத்தில் ஒரு முறை சென்றால், குளிரிலோ மழையிலோ மறுமுறை செல்லுங்கள். மடக்கும் கூரை கொண்ட சிறிய வேன், உயரக் கூரை வேன் என இரு வகைகளையும் இந்தப் பயணங்களிலேயே பார்த்துவிட முடியும்.

ஐந்தாம் படி: வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

முதிய வயதில் உள்ளே நிமிர்ந்து நிற்கும் உயரம் வசதி அன்று, தேவை. குனிந்தபடியே சமைத்து, குனிந்தபடியே உடை மாற்றும் முதுகு சில வாரங்களில் மறுப்புத் தெரிவிக்கும். ஃபியட் டுகாட்டோ, மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர், ஃபோர்டு டிரான்சிட் ஆகியவற்றின் உயரக் கூரை வகைகளே உலகின் பல பகுதிகளில் இதற்காக அதிகம் பயன்படுகின்றன. டுகாட்டோவின் சுவர்கள் செங்குத்தாக அமைந்து உள்ளகலம் 1.87 மீட்டர் வரை இருப்பதால், அதிக உயரமில்லாதவர்கள் குறுக்குவாக்கில் படுக்க முடியும். அதனால் நீளத்தில் இடம் மிச்சமாகிறது. தானியங்கி கியர், பின்புறக் கேமரா, பின்பக்கம் திரும்பும் முன் இருக்கைகள் ஆகிய மூன்றுக்கும் செலவிடத் தயங்காதீர்கள்.

எடைக்குக் கவனம் தேவை. பல நாடுகளில் சாதாரணக் கார் உரிமத்தில் ஓட்டக்கூடிய மொத்த எடை 3,500 கிலோ வரைதான். அதற்கு மேற்பட்ட வண்டிக்கு வேறு உரிமமும், முதியவர்களுக்கு மருத்துவச் சான்றும் தேவைப்படலாம். உள்ளே மரவேலை முடிந்த வேனில் எஞ்சியிருக்கும் சுமைத்திறன் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாக இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் 100 லிட்டர் தொட்டி நிரம்பினால் 100 கிலோ; இருவர் ஏறினால் இன்னொரு 130, 150 கிலோ; மேலும் மின்கலம், எரிவாயு, துணி, பாத்திரம். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒருமுறை எடைமேடையில் நிறுத்திப் பார்த்துவிட வேண்டும்.

சொந்தமாக உள்வேலை செய்வதில் மகிழ்ச்சி காண்பவர்கள் செய்யலாம். ஆனால் அது ஓராண்டைச் சாதாரணமாக விழுங்கிவிடும் வேலை. நல்ல உடல்நிலையில் கிடைக்கும் ஓராண்டைப் பட்டறையில் கழிப்பதைவிட, ஒருவர் ஏற்கெனவே சில ஆண்டுகள் வாழ்ந்து குறைகளைக் களைந்த வேனை வாங்கிச் சிறு மாற்றங்கள் செய்துகொள்வதே மேல்.

பழைய வேனைப் பார்க்கும்போது ஜன்னல்களையும் கூரைத் திறப்பையும் சுற்றியுள்ள பலகைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்வாங்கினால் நீர்க்கசிவு இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளுடன் தொடங்கும் குறியீட்டின் இறுதியில் உள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். நீண்ட நாள் நின்ற வேன்களில் டயரின் பள்ளங்கள் புதிதுபோல் இருக்கும், ரப்பரோ முதுமையடைந்து வெடித்திருக்கும்.

ஆறாம் படி: உள்ளமைப்பு

இரவில் எழும் நேரத்தை மையமாக வைத்து உள்ளமைப்பைத் திட்டமிடுங்கள். முதியவர்கள் பலர் இரவில் ஒரு முறையாவது, சிலர் மூன்று நான்கு முறையும் சிறுநீர் கழிக்க எழுகிறார்கள். வேனின் பின்புறம் உயரமான படுக்கையை அமைத்து, அதன் கீழே பொருட்களை அடைக்கும் அமைப்பு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நள்ளிரவில், தூக்கக் கலக்கத்தில், உள்பக்கம் படுத்திருப்பவர் மற்றவரைத் தாண்டி இடுப்பளவு உயரத்திலிருந்து இறங்க வேண்டியிருப்பதை எண்ணிப் பாருங்கள். படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்தால் இரு பாதங்களும் தரையில் பதிய வேண்டும். நடுவில் நடைபாதை விட்டு இரு பக்கமும் இரண்டு தனிப் படுக்கைகள் அமைத்தால், யாரும் யாரையும் தாண்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு இரவும் மேசையை மடக்கிப் படுக்கையாக மாற்றும் அமைப்பைத் தவிர்த்துவிடுங்கள். காய்ச்சல் வந்த நாளில் பகலிலும் படுக்க ஓரிடம் தயாராக இருக்க வேண்டும்.

கழிப்பறை இல்லாத வேன் இளைஞர்களுக்குச் சரிப்படலாம், நமக்குச் சரிப்படாது. கழற்றி எடுத்துக் காலி செய்யும் கழிவுத்தொட்டிகள் பெரும்பாலும் 17 முதல் 20 லிட்டர் கொள்ளும். நிரம்பிய தொட்டியைத் தூக்கிக்கொண்டு கழிவிடம் வரை நடப்பது 20 கிலோவை ஒரு கையில் சுமப்பதற்குச் சமம். சக்கரமும் இழுகைப்பிடியும் உள்ள தொட்டியைத் தேடுங்கள். பாதி நிரம்பியதுமே காலி செய்யுங்கள். சிறுநீரைத் தனியே பிரிக்கும் உலர் கழிப்பறையில் சுமை குறைவு, துர்நாற்றமும் குறைவு. ஆனால் நன்றாக உட்கார்ந்து பயன்படுத்த வேண்டும் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் வாங்குமுன் இருக்கையின் உயரத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் கேன்களுக்கும் இதே கணக்குதான்: 20 லிட்டர் கேன் ஒன்றுக்குப் பதிலாக 10 லிட்டர் கேன் இரண்டு.

பெரிய வேன்களின் தளம் தரையிலிருந்து அரை மீட்டருக்கும் மேலே இருப்பதால், வாசலில் அகலமான, வழுக்காத படியும், ஏறும்போது பிடித்துக்கொள்ளச் சட்டத்தில் திருகிய உறுதியான கைப்பிடியும் வேண்டும். மெல்லிய பலகையில் பொருத்திய கைப்பிடி, உண்மையில் தேவைப்படும் நாளில் கையோடு வந்துவிடும். நடைபாதையின் அடியோரம் மங்கிய இரவு விளக்கு வையுங்கள். அன்றாடம் எடுப்பவை தோளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கட்டும்.

ஏழாம் படி: மின்சாரம்

பயன்பாட்டை முதலில் கூட்டுங்கள். 12 வோல்ட் கம்ப்ரசர் குளிர்பெட்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 முதல் 600 வாட்-மணி வரை எடுக்கும் (ஒரு வாட் கருவி ஒரு மணி நேரத்தில் எடுக்கும் மின்சாரமே ஒரு வாட்-மணி). உறக்கத்தில் மூச்சுத் தடைக்கான சி-பேப் கருவியைப் பயன்படுத்துபவர்கள், சூடாக்கும் ஈரப்பதத் தொட்டியை அணைத்துவிட்டால், எட்டு மணி நேரத்துக்குச் சுமார் 250 முதல் 350 வாட்-மணி என்று கொள்ளலாம். தொட்டி இயங்கினால் இது இருமடங்குக்கு மேலும் போகும். விளக்கு, கைப்பேசி, நீரேற்றி, காற்றாடி எல்லாம் சேர்த்து இன்னொரு 150, 200. ஆக நாளுக்கு 1,000 வாட்-மணி என்று வைத்துக்கொள்வோம்.

மின்கலத்தின் கொள்ளளவை ஆம்பியர்-மணியில் சொல்வார்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் மின்கலத்தில் ஏறத்தாழ 1,280 வாட்-மணி இருக்கிறது, அதில் பெரும்பகுதியையும் எடுத்துப் பயன்படுத்தலாம். காரீய-அமில மின்கலத்தைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், அதே பயனுக்கு ஏறத்தாழ 170 ஆம்பியர்-மணி வேண்டும், எடையோ பலமடங்கு. லித்தியம் வகையை உறைநிலைக்குக் கீழே மின்னேற்றக் கூடாது என்பது அதன் ஒரே பெரிய நிபந்தனை. மருத்துவக் கருவியை நம்பியிருப்பவர்கள் இரண்டு நாள் தாங்கும்படி 200 ஆம்பியர்-மணி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

கூரையில் 200 வாட் சோலார் பலகை இருந்தால், நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 600 வாட்-மணி கிடைக்கும். குளிர்காலத்தில் அதில் சிறு பகுதிதான். எனவே வண்டி ஓடும்போது இயந்திரத்திலிருந்து மின்னேற்றும் கருவியும் வேண்டும். 30 ஆம்பியர் கருவியானால், இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஏறத்தாழ 800 வாட்-மணி சேரும். மின்சாரத்தால் வேனைச் சூடாக்கலாம் என்று எண்ண வேண்டாம்: 1,500 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் ஒரு மின்கலத்தையே காலி செய்துவிடும். மின்கலத்தின் நேர்முனைக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் இருக்கிறதா என்று மின்பணியாளரை வைத்துச் சரிபாருங்கள்.

எட்டாம் படி: குளிர், வெப்பம், வாயு

புகையை வெளியே தள்ளும் குழாயுடன் கூடிய டீசல் ஹீட்டர், 2 கிலோவாட் அளவில் மணிக்குச் சுமார் கால் லிட்டர் எரிபொருளில் வேனை நன்றாகச் சூடாக்கும். சமையல் அடுப்பைக் கொண்டு சூடேற்றுவதும், அணைந்த கரி அடுப்பை உள்ளே எடுத்து வைப்பதும் உயிரைப் பறிக்கும் செயல்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகிய அதன் தொடக்க அறிகுறிகளை முதியவர்கள் இரத்த அழுத்தம் என்றோ மருந்தின் விளைவு என்றோ எண்ணிப் படுத்துவிடுவார்கள். அதற்கான எச்சரிக்கைக் கருவியைப் படுக்கும் உயரத்துக்கு அருகில் பொருத்துங்கள். எரிவாயுக் கசிவுக் கருவி மட்டும் தரையோரமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த வாயு காற்றைவிடக் கனமானது. உறைகுளிர் உள்ள இடத்துக்குப் போகிறவர்கள் புரோப்பேன் நிரப்பிய சிலிண்டரை வாங்க வேண்டும். பியூட்டேன் சுழியம் டிகிரிக்கு அருகிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும்.

ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. மூச்சுக்காற்றின் ஈரமும் அதோடு சேர்ந்து குளிர்ந்த தகட்டில் நீராகப் படிந்து பூஞ்சையை வளர்க்கும். எவ்வளவு குளிரானாலும் கூரைத் திறப்பைச் சிறிது திறந்தே வையுங்கள்.

வெப்பம் குளிரைவிட ஆபத்தானது என்றே சொல்வேன். மூடிய வண்டியின் உள்வெப்பம் வெயிலில் ஒரு மணி நேரத்தில் 20 டிகிரிக்கு மேல் உயரக்கூடும், அதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே உயர்ந்துவிடும். வயது கூடும்போது தாக உணர்வும் வியர்க்கும் திறனும் குறைவதால், உடல் எச்சரிக்கும்போது தாமதமாகியிருக்கும். கடும் வெயில் காலத்தில் உயரமான மலைப்பகுதிக்கோ குளிர்ந்த கடற்கரைக்கோ நகர்ந்துவிடுவதுதான் சிறந்த குளிர்சாதனம்.

ஒன்பதாம் படி: ஓட்டமும் தங்குமிடமும்

ஒரு நாளில் 200 கிலோமீட்டர், பிற்பகல் நடுவுக்குள் சேர்ந்துவிடுதல், சேர்ந்த இடத்தில் மூன்று இரவு என்ற அளவு பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி, பத்து நிமிடம் நடந்தால், நீண்ட நேரம் உட்காருவதால் கால்களின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து குறையும்.

எங்கே தங்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் நில மேலாண்மைத் துறையின் பொது நிலங்களில் பொதுவாக 28 நாளில் 14 நாள் வரை ஓரிடத்தில் தங்கலாம். அரிசோனாவின் குவார்ட்சைட் அருகே செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்ட நாள் தங்க அனுமதிச் சீட்டு தருகிறார்கள், அங்கே குளிர்காலத்தில் கூடுபவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றவர்களே. நார்வேயில் திறந்த வெளியில் தங்கும் பொது உரிமை கூடாரத்துக்கு உண்டு, மோட்டார் வண்டிக்கு இல்லை. ஷெங்கன் நாடுகளில், அதாவது தமக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் ஒப்பந்தம் செய்துகொண்ட ஐரோப்பிய நாடுகளில், குறுகிய கால அனுமதியில் வரும் வெளிநாட்டவர் 180 நாளில் 90 நாள்தான் இருக்க முடியும். புதிய ஒரு பகுதிக்குள் நுழையுமுன் அங்குள்ள விதியை அதிகாரப்பூர்வ இடத்தில் படித்துவிடுங்கள்.

பத்தாம் படி: தனிமையும் அவசரமும்

சேர்ந்த உடனே மூன்று செயல்கள்: இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தாளில் எழுதி முன்கண்ணாடியருகே வைத்தல், நம்பகமான ஒருவருக்குச் செய்தி அனுப்புதல், அருகிலுள்ள மருத்துவமனையைத் தெரிந்துகொள்ளுதல். வண்டியை வெளியேறும் திசை நோக்கி நிறுத்துங்கள். படுக்கையிலிருந்து வெளியே இறங்காமலே ஓட்டுநர் இருக்கைக்குச் செல்லும் வழி இருக்க வேண்டும். மனத்துக்கு ஒவ்வாத இடமென்றால் காரணம் தேடாமல் கிளம்பிவிடலாம். கைப்பேசி அலைவரிசை இல்லாத பகுதிகளுக்குச் செல்பவர்கள் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வைத்திருக்க வேண்டும். தம்பதியரில் ஒருவர் மட்டுமே வேனை ஓட்டத் தெரிந்தவர் என்றால், மற்றவரும் குறைந்தது அடுத்த ஊர் வரை ஓட்டக் கற்றுக்கொள்ளும்வரை தொலைவிடங்களுக்குப் போக வேண்டாம்.

தனிமை மெல்ல வருகிறது. இடம் மாறிக்கொண்டே இருப்பவருக்குத் தெரிந்த முகங்கள் பலவும் அரைத் தெரிந்த முகங்களாகவே நின்றுவிடும். ஆண்டுதோறும் அதே மாதத்தில் அதே இடங்களுக்குத் திரும்பிச் செல்லும்படி ஒரு சுற்றை வகுத்துக்கொண்டால், அங்கே ஒரு மருத்துவர், ஒரு பட்டறைக்காரர், சில நண்பர்கள் என்று உறவுகள் ஊன்றும்.

பதினோராம் படி: நிறுத்தும் நிபந்தனைகளை முன்கூட்டியே எழுதுதல்

எந்த நிலையில் இந்த வாழ்க்கையை நிறுத்துவோம் என்பதைக் கிளம்புமுன், தெளிந்த மனநிலையில் எழுதி வையுங்கள். உதவியின்றி வாசற்படி ஏற முடியாமை, ஓட்டும்போது தொடர்ந்து நேரும் சிறு உரசல்கள், பழகிய வழியில் தடுமாற்றம், மருந்து வேளையை மறத்தல், இருவரில் ஒருவர் வேண்டாம் என்று சொல்லுதல் போன்றவை அதில் இருக்கலாம். நினைவாற்றல் தொடர்பான அறிகுறிகளை நாமே கண்டுகொள்வது கடினம் என்பதால், அதைச் சொல்லும் உரிமையை ஒரு பிள்ளைக்கோ நண்பருக்கோ பெயர் குறிப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள். வேனை யார் விற்பது, எந்த வீட்டுக்குத் திரும்புவது, மருத்துவ முடிவுகளை யார் எடுப்பது என்பனவும் அதே தாளில் இடம்பெறட்டும். ஒரு பிரதி வேனிலும் மற்றொன்று அந்த நம்பிக்கைக்குரியவரிடமும் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, மருத்துவப் பரிசோதனை முடிந்த வாரத்திலேயே, இருவரும் சேர்ந்து அதைப் படித்துத் தேவையானவற்றைத் திருத்திக்கொள்ளுங்கள்.